பித்தளைக் குழாய் என்னுடையது

தம்பி,

நலம் கேட்டு எழுதுகிற கடிதம் இல்லை இது. நீ நலமாக இல்லை என்பது எனக்குத் தெரியும். நானும் நலமாக இல்லை என்பதை நீ ஊகித்திருப்பாய். ஒரே ஒரு காரியத்துக்காகத்தான் எழுதுகிறேன். நம் வீட்டிலிருந்து பொலிஸார் எடுத்துக்கொண்டு போன அந்தப் பித்தளைக் குழாய் உன்னுடையது என்று இனி யாரிடமும் சொல்லாதே. அது என்னுடையது. இதைச் சொல்ல ஒரு வரி போதும்தான். ஆனால் உன்னை எனக்குத் தெரியாதா? ஒரு வரியில் எழுதினால், ‘அப்பா பயத்தில எழுதுறார்’ என்று மடித்து வைத்துவிட்டு நீ நினைத்ததையே செய்வாய். அதனால் ஆதியோடந்தமாக எழுதுகிறேன். அவசரப்படாமல் வாசி. நீ ஒரு பக்கத்தை வாசித்து முடிப்பதற்குள் கடைசிப் பக்கத்தைப் புரட்டுகிறவன். இந்த முறை அப்படிச் செய்யாதே.

இந்தக் கடிதம் உன் கைக்கு வருமுன் தமிழ் தெரிந்த ஒரு அதிகாரியின் கைக்குப் போகும். அவர் வாசித்து, சிங்களத்தில் மேலே சொல்லி, அனுமதி கிடைத்தால்தான் உனக்குத் தருவார்கள். அம்மா அதைச் சொல்லிப் பெருமூச்சு விட்டாள். எனக்கோ அது வசதியாகப் போய்விட்டது. ஐயா, நீங்கள் யாராயிருந்தாலும் சரி, தாராளமாக வாசியுங்கள். இதில் மறைக்க ஒன்றுமில்லை. கடைசியில் என் கையெழுத்து இருக்கிறது. இதையே என் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டாலும் எனக்குச் சம்மதம். இனி நான் என் மகனோடு கதைக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையை நீ எத்தனை தரம் நினைத்துப் பார்க்கிறாயோ தெரியாது. எனக்கு வேறு நினைப்பே இல்லை. ஒழுங்கையைக் கடற்கரைப் பக்கமும் காலி வீதிப் பெருந்தெருப் பக்கமும் மறித்துவிட்டு வீடு வீடாக வந்தார்கள். அம்மா பிட்டு அவித்துக்கொண்டிருந்தாள். நான் பொலிஸில் பதிந்த குடும்பப் பட்டியலையும் மூன்று பேரின் அடையாள அட்டைகளையும் கையில் அடுக்கிப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன். எத்தனை சோதனையைப் பார்த்தாயிற்று! பத்து நிமிடத்தில் போய்விடுவார்கள், பிட்டு ஆறுமுன் சாப்பிடலாம் என்றுதான் நினைத்தேன். ரேடியோவுக்குப் பக்கத்தில், பழைய பேப்பரின் மேல், ஒரு சாண் நீளமான பித்தளைக் குழாய் பசை காய்வதற்காகக் கிடந்தது. அதன் வாலிலிருந்து கறுப்பு வயர் ஒன்று மேசை விளிம்பில் தொங்கியது. அந்த இளம் அதிகாரி அதைத் தொடவில்லை. குனிந்து பார்த்தார். பின்வாங்கினார். மற்றவர்களை வெளியே போகச் சொன்னார். பிறகுதான் கேட்டார்: “மேக்க காகெத?”

இது யாருடையது என்று கேட்டார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், திறந்தேன். ஆனால் சத்தம் வரவில்லை. தார் காய்ச்சும் ஆலையில் வேலை செய்கிற தமிழன், வீட்டில் வயர் போட்ட குழாய், ஆலையில் எரிகிற உலை என்று மூன்றையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுவிடுவார்களே என்ற பயம் முந்திக்கொண்டது. நீ என் முகத்தைப் பார்த்தாய். ஒரு வினாடி இருக்குமா? “மகே, சேர்,” என்றாய். என்னுடையது, படிப்புக்காகச் செய்வது என்று அவர்கள் மொழியில் அழகாக விளக்கினாய். சேர்ட்டைப் போட்டுக்கொண்டு வரச் சொன்னார்கள். அம்மா குசினி வாசலில் நின்று, “பிள்ளை இன்னும் சாப்பிடேல்ல,” என்று தமிழ் தெரியாதவர்களிடம் தமிழில் சொன்னாள். நான் அடையாள அட்டைகளைப் பிடித்தபடியே நின்றேன். ஜீப் திரும்பிய பிறகும் என் வாய் திறந்துதான் இருந்தது என்று அம்மா பிறகு சொன்னாள்.

நீ ஏன் அப்படிச் சொன்னாய் என்பது எனக்கு விளங்காமல் இல்லை. அப்பாவின் சாமான் என்றால் ஆலையைத் தகர்க்கச் செய்தது என்பார்கள், மாணவனின் சாமான் என்றால் படிப்புக்குச் செய்தது என்று விட்டுவிடுவார்கள் என்று அந்த ஒரு வினாடிக்குள் கணக்குப் போட்டிருக்கிறாய். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் அவர்கள் உன் கல்லூரிக்கு ஆள் அனுப்பி விசாரித்துவிட்டார்கள். அப்படி ஒரு வேலையும் மாணவர்களுக்குக் கொடுக்கவில்லை என்று அங்கே சொல்லிவிட்டார்கள். உள்ளதைச் சொன்னார்கள், அவர்களில் பிழையில்லை. இப்போது நீ ஒரு குழாயோடும் ஒரு பொய்யோடும் அகப்பட்ட இருபத்திரண்டு வயதுத் தமிழ்ப் பொடியன். அதைவிட மோசமான நிலை இந்தக் கொழும்பில் இன்றைக்கு இல்லை. அப்படியிருக்க வியாழக்கிழமை பார்க்க வந்த அம்மாவிடம், “அப்பாவைப் பேசாமல் இருக்கச் சொல்லுங்கோ, நான் பாத்துக்கொள்ளுறன்,” என்று சொல்லி அனுப்பியிருக்கிறாய். எதைப் பார்த்துக்கொள்ளப் போகிறாய்? அதைக் கேட்டதும் எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையைச் சுவரில் அடித்துவிட்டேன். பிறகு இருந்து அழுதேன்.

என் வேலை என்னவென்று நான் உனக்கு ஒருநாளும் இருத்திவைத்துச் சொன்னதில்லை. பாடசாலைப் படிவங்களில் ‘பரிசோதகர்’ என்று எழுதுவாய். எதைப் பரிசோதிக்கிறவர் என்று கேட்டால் உனக்குத் தெரிந்திராது. கொட்டாஞ்சேனையைத் தாண்டித் துறைமுகப் பக்கமாக இருக்கிற அந்த ஆலையில் மூன்று மாடி உயரத்துக்குத் தார்த் தாங்கிகள் நிற்கின்றன. தார் உறைந்துவிடாமல் இருக்க அவற்றுக்குள் கொதி எண்ணெய்க் குழாய்கள் வளைந்து வளைந்து ஓடுகின்றன. உலையிலிருந்து வரும் இடத்தில் அந்தக் குழாயின் சூடு முந்நூறு பாகையைத் தொடும். குழாய் உள்ளுக்குள் அரித்து மெலிந்துகொண்டே போகும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பிளந்து பார்க்கவும் முடியாது. அதனால் காதுக்குக் கேட்காத சத்தம் ஒன்றை வெளிப்பக்கத்திலிருந்து இரும்புக்குள் அனுப்புவோம். அது உட்சுவரில் முட்டி எதிரொலியாகத் திரும்பி வரும். போய்வந்த நேரத்தைக் கொண்டு சுவரின் தடிப்பைக் கருவி சொல்லும். சத்தத்தை அனுப்பி வாங்குகிற அந்த முனைக்குப் புரோப் என்று பெயர். என் வேலை அவ்வளவுதான். இரும்பில் புரோப்பை வைத்து, இன்னும் எத்தனை மில்லிமீற்றர் மிச்சம் என்று எழுதிக் கொடுப்பது.

சூட்டில் ஒரு சூது இருக்கிறது. சூடான இரும்புக்குள் சத்தம் மெதுவாகப் போகும். மெதுவாகப் போனால் பிந்தித் திரும்பும். உன்னைக் கடைக்கு அனுப்பி நீ பிந்தி வந்தால், கடை தூரம்போல என்று அம்மா நினைத்துக்கொள்வாளே, அந்தப் பேதைமைதான் கருவிக்கும். சுவர் தடிப்பு, பயமில்லை என்று சொல்லிவிடும். சூட்டுக்கு ஏற்றபடி நாங்கள்தான் அதிலிருந்து கழித்து எழுத வேண்டும். இந்தத் தொழிலில் முதல் மாதமே சொல்லித் தருகிற பாடம் இது.

அதை நான் ஒரு தரம் செய்யவில்லை. மறதியால் இல்லை. இதுவரை யாருக்கும் சொல்லாததை உனக்கும், இதை வாசிக்கிற ஐயாவுக்கும் சொல்கிறேன். நீ அப்போது ஆறாம் வகுப்பு. விமானத்தளத்து ஓடுபாதைக்குத் தார் அவசரம், உலையை ஒரு மணி நேரம்கூட அணைக்க முடியாது என்று மேலிடத்திலிருந்து கட்டளை. நான் எண்ணெய்க் குழாயைச் சூட்டோடு அளந்தேன். கருவி காட்டிய எண்ணில் கழித்தால், குழாயை மாற்ற வேண்டிய எல்லைக்குக் கீழே போகிறது. கழிக்காவிட்டால் எல்லைக்கு ஒரு மயிரிழை மேலே நிற்கிறது. மனேஜர் பக்கத்தில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆலையை நிறுத்தச் சொன்ன தமிழன் என்ற பெயர் எனக்கு வேண்டாம் என்று நினைத்தேன். கழிக்காமல் எழுதிக் கையெழுத்து வைத்தேன். இரண்டு மாதம் போகவில்லை, குழாய் வெடித்தது. பொருத்துநர் சுமணபாலவின் கழுத்திலும் வலக்கையிலும் கொதி எண்ணெய் அடித்தது. பொரளையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவன் கிடந்த கோலத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். “ஏனப்பா சாப்பிடேல்ல?” என்று கேட்டு நீ என் மடியில் சாய வந்தாய். நான் உன்னைக் கன்னத்தில் அறைந்தேன். ஏன் அடித்தேன் என்று நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. விசாரணையில், குழாய் பழையது, கருவி காட்டிய எண்ணைத்தான் எழுதினேன் என்றேன். கருவி காட்டிய எண் என்பது உண்மைதானே! அன்றைக்கு வாயை மூடிக்கொண்டதால் தப்பினேன். வாயை மூடினால் தப்பலாம் என்று அன்று பழகியதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை உன்னைக் கொண்டுபோய்விட்டது.

அதன் பிறகு நான் நம்பாத எண்ணை எழுதியதில்லை. அதற்குத் தண்டனைபோல, போன வருடம் ஆலையில் இருந்த ஒரேயொரு சூட்டுப் புரோப் விரிசல் விட்டுப் பழுதாகிப்போனது. வெளிநாட்டுச் சாமான். சாதாரணப் புரோப்பைச் சூட்டில் வைத்தால் வைத்தவுடனேயே செத்துப்போகும். புதிதாக எடுப்பிக்க எழுதினோம். மின்கருவி என்றால் பாதுகாப்பு அனுமதி வேண்டும் என்று கடிதங்கள் போய்ப் போய்த் திரும்பின. குழாயோ மெலிந்துகொண்டிருந்தது. அதே உலை, அதே வளைவு, கீழே அதே ஆட்கள். சுமணபாலவும் அதே இடத்தில்தான் நிற்கிறான், சுருங்கிப்போன கையோடு. அப்போதுதான் நானே ஒன்றைச் செய்தால் என்ன என்று தோன்றியது. ஓணானைப் பிடித்து மடியில் விட்ட கதை அங்கேதான் தொடங்கியது. ஐந்து மணிக்குப் பிறகு தமிழ் ஆட்கள் வேலைத்தலத்தில் தங்கக் கூடாது என்று எழுதப்படாத சட்டம். பகலில் செய்ய நேரமில்லை. வாசலில் அனுமதிச் சீட்டு இல்லாமல் ஒரு ஆணியையும் வெளியே கொண்டுபோக முடியாது. சீட்டுக் கேட்டால் எதற்கு என்பார்கள். நான் துண்டு துண்டாகச் சாப்பாட்டுப் பெட்டிக்குள், மிஞ்சிய சோற்றுக்குக் கீழே வைத்துக் கொண்டுவந்தேன். இருபத்தாறு வருடம் ஒரு பென்சிலைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராத மனிதன், கொண்டுவரக் கூடாத காலத்தில் கொண்டுவரக் கூடாத சாமானைக் கொண்டுவந்தான். வெள்ளவத்தையில், இந்த யுத்த காலத்தில், வரவேற்பறை மேசையில் வயர் போட்ட குழாயைக் காய வைத்தான். என்னைப்போல முட்டாள் இருப்பானா என்று நீ கேட்டால் நான் கோபிக்க மாட்டேன்.

அது வேலை செய்தது, தம்பி. கொண்டுபோய் வளைவில் வைத்தேன். எதிரொலி தெளிவாக வந்தது. சூட்டுக்குக் கழித்து எழுதினேன். குழாய் மாற்ற வேண்டிய நிலையில் இருக்கிறது என்று அறிக்கை கொடுத்தேன். மனேஜர் அதை வாங்கி மேசை லாச்சிக்குள் வைத்தார். முனையில் பசை விட்டுப்போனதால் திருத்த வீட்டுக்குக் கொண்டுவந்த முறைதான் அகப்பட்டது. அந்தக் குழாய்க்குள் என்ன இருக்கிறது, எது எதோடு ஒட்டியிருக்கிறது என்று எழுதக் கை துடிக்கிறது. என் வாழ்நாளில் நான் சொந்தமாகச் செய்த ஒரே நல்ல வேலை அதுதான். ஆனால் எழுத மாட்டேன். ஏன் என்று இதோ வருகிறேன்.

உன்னைக் கொண்டுபோன மறுநாளே நான் பொலிஸுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. மனேஜரிடம் போனேன். இது ஆலைக்குச் செய்த கருவி என்று ஒரு கடிதம் தந்தால் அதைக் கொண்டுபோய்க் காட்டலாம், நீயும் வெளியே வருவாய், என் வேலையும் தப்பும் என்று நினைத்தேன். “நாளைக்குப் பாப்பம்,” என்றார். மறுநாளும் அதையே சொன்னார். மூன்றாம் நாள், அனுமதிச் சீட்டு இல்லாத சாமானைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்றார். என் அறிக்கை எங்கே என்று கேட்டேன். எந்த அறிக்கை என்று கேட்டார். மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கிவிட்டேன். ஆனாலும் அவரை மட்டும் குறை சொல்லி என்ன? அந்த நாட்களில் ஒவ்வொரு காலையும் நான் பொலிஸ் நிலையத்தைக் கடந்துதான் பஸ்ஸில் போனேன். இறங்கவில்லை. அம்மா இதை அறிந்த நாளிலிருந்து அவசியமான ஒரு சொல்லுக்கு மேல் என்னோடு கதைப்பதில்லை. சோறு போடுவாள், கோப்பையை மேசையில் வைக்கும் சத்தம் மட்டும் கேட்கும்.

சனிக்கிழமை கொலன்னாவைக்குப் போனேன். சுமணபாலவின் வீடு எண்ணெய்த் தாங்கிகளின் மதிலை ஒட்டிய ஒழுங்கையில் இருக்கிறது. என்னைக் கண்டதும் கதிரையைத் துடைத்துப் போட்டான். நான் இருக்கவில்லை. நின்றபடியே முதலில், அன்று கழிக்காமல் எழுதிய அந்தப் பழைய எண்ணைப் பற்றிச் சொன்னேன். ‘உன் கை எரிந்தது என் கையெழுத்தால்தான்’ என்றேன். அவன் மனைவி உள்ளே போய்விட்டாள். அவன் தன் சுருங்கிய கையைப் பார்த்தான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். “பன்னிரண்டு வருஷமா ஒவ்வொரு வெசாக் பண்டிகைக்கும் பலகாரம் வாங்கிக்கொண்டு வந்தீங்களே, இதுக்குத்தானா?” என்று சிங்களத்தில் கேட்டான். ஓம் என்றேன். பிறகு, அந்தக் குழாயை நான் எண்ணெய் வளைவில் வைத்து அளந்ததைக் கண்ணால் கண்டவன் அவன்தான், வந்து சொல்வாயா என்று கேட்டேன். எழுந்து சேர்ட்டைப் போட்டான். “உங்கட மகனுக்காக வாறன். உங்களுக்காக இல்ல,” என்றான். பஸ்ஸில் என் பக்கத்தில் அவன் இருக்கவில்லை.

இந்த முறை என் வாய் வேலை செய்தது. வயதான ஒரு அதிகாரி கேட்டுக்கொண்டார். சுமணபால சொன்னதையும் எழுதினார். பிறகு பேனையை மூடி வைத்துவிட்டு, கொச்சைத் தமிழில் எனக்கு மட்டும் விளங்கும்படி சொன்னார்: “மகனும் என்னோடது சொல்றான். நீயும் என்னோடது சொல்றே. ரெண்டு பேரும் சொன்னா, ரெண்டு பேரும் சேந்து செஞ்சதுன்னு நான் எழுதணும். அப்புறம் என் கையில இல்ல.” அதை அவர் அதட்டிச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது. அவர் ஒரு வழி சொன்னார். குழாயை நிபுணர்களிடம் அனுப்பி அறுத்துப் பார்க்கப் போகிறார்களாம். அதற்கு முன் உள்ளே இருப்பதை நான் ஒரு தாளில் வரைந்து கொடுக்க வேண்டும். வருகிற வியாழக்கிழமை உனக்கும் ஒரு தாளும் பென்சிலும் தருவார்களாம். செய்தவன் எவனோ அவனுக்குத்தான் உள்ளே இருப்பது தெரியும் என்றார். நான் அங்கேயே வரைந்து, ஒவ்வொன்றுக்கும் அளவு போட்டு, கையெழுத்து வைத்துக் கொடுத்துவிட்டேன். என் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, வீட்டை விட்டு அசையக் கூடாது என்று அனுப்பினார்கள். அட்டை இல்லாமல் ஒழுங்கை முனையில் இருக்கும் சோதனைச் சாவடியைக்கூட நான் தாண்ட முடியாது. இல்லாவிட்டால் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன், நேரே வந்து உன் காலைப் பிடித்திருப்பேன்.

இப்போது விளங்குகிறதா, ஏன் உள்ளே இருப்பதை எழுதவில்லை என்று? நான் எழுதினால் நீ வரைந்துவிடுவாய். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, அளவு பிசகாமல் வரைவாய். வியாழக்கிழமை உன் படமும் என் படமும் ஒத்துப்போனால் இருவரும் சேர்ந்து செய்தோம் என்றாகிவிடும். பிழையாக வரைந்தால் மறுபடியும் பொய் சொன்னவன் ஆவாய், ஏன் பொய் சொல்கிறாய், யாருக்காகச் சொல்கிறாய் என்று கேட்பார்கள். எப்படிக் கேட்பார்கள் என்று நான் எழுத வேண்டியதில்லை. நீ ஒன்றும் வரையாமல் இருப்பதைத் தவிர வேறு வழியில்லை. இதை நினைத்து நினைத்து மூன்று நாளாக நான் படுக்கவில்லை. ஏனென்றால் நீ எவ்வளவு பார்த்தாய் என்று எனக்குத் தெரியாது. நான் அந்த மேசையில் இருந்து வேலை செய்த நாட்களில் என் கதிரைக்குப் பின்னால் வந்து வந்து நின்றாய். ஒரு நாள் டோர்ச் பிடித்தாய். “உள்ளுக்கு என்னப்பா வைக்கிறீங்கள்?” என்று கேட்டாய். “உனக்கு விளங்காது, வெளிச்சத்தை மறையாமல் போய்ப் படி,” என்று எரிந்து விழுந்தேன். முகம் சுருங்கிப் போனாய். உன் வயதில் ஒரு மகன் தகப்பனின் வேலையைக் கேட்பது எத்தனை பெரிய காரியம், அதைத் துரத்திவிட்டோமே என்று அப்போதே மனம் சுட்டது. கூப்பிட்டுக் காட்டலாம் என்றுகூட நினைத்தேன். கூப்பிடவில்லை. உன்னோடு நான் எரிந்து விழுந்த நாட்களுக்கெல்லாம் மன்னிப்புக் கேட்பேன், அந்த ஒரு நாளுக்கு மட்டும் கேட்க மாட்டேன். கடவுளே, அன்றைக்கு இவன் ஒன்றையும் காணாமல் போயிருக்க வேண்டும் என்று நேர்த்தி வைத்திருக்கிறேன். கண்டிருந்தால் மறந்துவிடு. அந்தக் குழாய் உனக்கு ஒரு குழாய் மட்டும்தான். நீ வரும்போது, வந்து என் பக்கத்தில் இருக்கும்போது, எல்லாவற்றையும் சொல்லித் தருகிறேன். எனக்கு அதற்குக் கொடுத்து வைத்திருக்கிறதோ தெரியாது.

எனக்கு என்ன நடக்கும் என்று யோசிப்பாய். தெரியாது. வேலை போய்விட்டது, அதை நேற்று ஆள் அனுப்பிச் சொன்னார்கள். சாமானைக் களவாக வெளியே கொண்டுபோனவன் என்று வழக்குப் போடலாம். அதைவிடப் பெரிதாகவும் போடலாம். ஆனால் என் படம் குழாயோடு ஒத்துப்போகும், அதை அறுத்துப் பார்க்கிற நிபுணனுக்கு அது எதற்கான சாமான் என்று பார்த்தவுடன் விளங்கும், சுமணபாலவின் வாக்குமூலம் இருக்கிறது. ஐம்பத்தாறு வயது நீரிழிவுக்காரனை நான்கு கேள்வி கேட்டுவிட்டு மூலையில் இருத்துவார்கள். உன் வயதுக்காரனை அப்படி விடமாட்டார்கள். இந்த ஒழுங்கையில் கூட்டிக்கொண்டு போன உன் வயதுப் பிள்ளைகளில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று நீயும் அறிவாய், நானும் அறிவேன். இதை வாசிக்கிற ஐயாவும் அறிவார். எனக்குப் பயமாக இருக்கிறது, தம்பி. சாவுக்கு இல்லை. உன் பிடிவாதத்துக்குப் பயமாக இருக்கிறது. அது என்னிடமிருந்து வந்த பிடிவாதம்.

வழமையாக இந்த மாதிரிக் கடிதங்களில் தகப்பன்மார் நல்லவனாக இரு, உண்மையாக இரு, பெற்றவரைத் தாங்கு என்று எழுதுவார்கள். நான் அதையெல்லாம் உனக்கு வாயால் சொல்லியே வளர்த்துவிட்டேன். அடுத்தவனைக் காட்டிக்கொடுத்துத் தப்புகிறவன் மனுசனே இல்லை என்று நீ சின்னப் பையனாக இருந்தபோது எத்தனை தரம் சொல்லியிருப்பேன். இந்த ஊரில், இந்த நாட்களில், அந்தச் சொல்லுக்கு என்ன பாரம் என்று எனக்குத் தெரியும். பிடிக்க வேண்டிய ஆளைக் காட்டச் சாக்குக்குள் முகத்தை மறைத்துத் தலையாட்டுகிறவர்களுக்குச் சொல்கிற சொல் அது. தெரிந்துகொண்டுதான் கேட்கிறேன். வியாழக்கிழமை அவர்கள் தாளைத் தந்தால் பென்சிலைத் தொடாதே. தாளை அப்படியே திருப்பிக் கொடு. ‘எனக்குத் தெரியாது, நான் பொய் சொன்னனான், அது அப்பா செய்தது, அவரைக் கேளுங்கோ’ என்று சொல். சிங்களத்தில் சொல், அவர்கள் பிழையாக எழுதாதபடி நிறுத்தி நிறுத்திச் சொல். அன்றைக்கு வாசலில் நீ என்னைப் பார்த்ததுபோல இந்த முறை யாரையும் பார்க்காதே. நான் அங்கே இருக்க மாட்டேன், அம்மாவும் இருக்க மாட்டாள், நீ தனியாகத்தான் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு வீட்டுக்கு வா. அம்மா உனக்குக் கதவைத் திறப்பாள். நான் வீட்டில் இல்லாவிட்டால் என்னைத் தேடி அங்கே திரும்பி வராதே. உன்னைப் பெற்றவன் உன்னிடம் கேட்கிற ஒரே உதவி இது, ராசா. என்னைக் காட்டிக்கொடு.

அப்பா